ஏ பக்கம், பி பக்கம்

கம்பெனி பஸ் பென்னலூர் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பும் சத்தம் கேட்டதும் அறைக்குள் செந்தாமரை தெர்மகோல் பெட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே கையை விட்டாள். வெதுவெதுப்பான ஈரக்காற்று முகத்தில் பட்டது. வாத்து முட்டைகளை ஒவ்வொன்றாக விரல் நுனியால் உருட்டினாள். பென்சிலில் எழுதியிருந்த ஆங்கில ஏ கீழே போய், பி மேலே வந்தது. கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினாள். இவ்வளவையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்ய முடிந்தது.

பாய் போட்ட மூலையும் பெட்டி இருந்த மூலையும் ஒன்றுதான். அந்த ஒற்றை அறையில் பிளக் பாயிண்ட் அங்கே மட்டும்தான் இருந்தது. கணவன் பேச்சிராஜின் உடலை எடுத்துக்கொண்டு போன அன்று அவளை எங்கே உட்கார வைப்பது என்று பெண்கள் பார்த்தார்கள். எதிரே படமும் விளக்கும் வைத்தாகிவிட்டது. கதவோரம் ஆட்கள் வந்துபோக வேண்டும். பெட்டியின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முப்பதாம் நாள் காரியம் முடியும்வரை வாசலைத் தாண்டக் கூடாது. வரிசை வீடுகளின் கோடியில் இருந்த பொதுக் கழிவறைக்குப் போவதென்றால்கூட மாமியார் கோவிந்தம்மா முதலில் வெளியே தலையை நீட்டிப் பார்ப்பாள். யாராவது டிபன் பையோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தால் இவளைக் கையைக் காட்டி நிறுத்துவாள். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய பெண்களெல்லாம் போய்த் தெரு காலியான பிறகு, "இப்பம் போயிட்டு வா தாயி" என்பாள்.

முட்டை பொரிக்கும் அந்தப் பெட்டி அவன் செய்தது. மீன் வந்த பெட்டியைக் கழுவிக் காயவைத்து, மூடியில் சதுரமாக வெட்டிக் கண்ணாடி பதித்து, பல்பும் சூட்டைப் பார்த்து அதை அணைத்து எரிக்கும் சின்னக் கருவியும் மாட்டியிருந்தான். அவன் கம்பெனியில் மெயின்டனன்ஸ். செம்பரம்பாக்கத்துப் பக்கம் அறுத்த வயலில் வாத்து மேய்ப்பவர்களிடமிருந்து மணிலா வாத்து முட்டைகளை டிபன் பாக்ஸில் துணி சுற்றிக் கொண்டுவந்தான். அவற்றுக்கு முப்பத்தைந்து நாள் அடை. அந்த மாதம் அவனுக்கு ஏ ஷிஃப்ட், அவளுக்கு பி ஷிஃப்ட். அவன் விடியலில் கிளம்புவான். அவன் திரும்பி வரும்போது அவள் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றிருப்பாள். அவள் வரும்போது அவன் தூங்கியிருப்பான். அதனால்தான் முட்டைக்கு இருபக்கமும் எழுதினான்: அவன் திருப்பினால் ஏ மேலே, அவள் திருப்பினால் பி மேலே. முழித்ததும் கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். ஏ. அவன் திருப்பிவிட்டுப் போயிருக்கிறான். சில நாட்கள் அவர்களுக்குள் நடந்த பேச்சே அவ்வளவுதான்.

அவன் செத்த அன்று காலையிலும் ஏ மேலே இருந்தது. அவள் முழித்துத் தலைவாரிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வேலைக்குப் போகிற வழியில், ஒரகடம் பாலத்துக்குக் கீழே, கன்டெய்னர் லாரி. அடுத்த ஒரு நாள் முழுக்க யார் யாரோ வந்து அழுதார்கள். பெட்டிக்குள் பல்பு அணைந்து அணைந்து எரிந்தது. திருப்பாமல் விட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று அவன் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. திருப்பினால் அவன் கை வைத்த பக்கம் கீழே போய்விடும். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பி ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடித்தபோது கை தானாகவே உள்ளே போயிற்று. அதிலிருந்து இரண்டு ஷிஃப்டும் அவளே.

கருமாதி முடிந்த பிறகு போன் டார்ச்சை முட்டையின் அடியில் வைத்துப் பார்த்தாள். மூன்று முட்டைகளில் உயிர் இல்லை, கலங்கிக் கிடந்தன. மற்றவற்றில் சிவப்பு நரம்புகள் பின்னியிருந்தன. ஒன்றில் ஏதோ துள்ளியது.

"இன்னாடி இது, வாத்து உக்கார வேண்டிய அடைய நீ உக்காந்துகினு கீற?" என்றாள் துக்கம் விசாரிக்க வந்திருந்த வீட்டுக்காரி கனகலட்சுமி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோவிந்தம்மா சிரித்துவிட்டாள். மகன் போன பிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு. அது பாதியிலேயே அழுகையாக மாறி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குலுங்கினாள்.

கோவிந்தம்மா கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவளோ செந்தாமரைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்தாள். சாப்பாடு இறங்காத நாட்களில் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்தாள். "அவம் போனா என்ன, நீ எம் மவதான். சங்கரங்கோயிலுக்கு எங்கூட வந்துரு. ஒனக்கு அங்கன ஒரு கொறையும் இருக்காது" என்றாள். முப்பது முடிந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் சொல்லியாகிவிட்டது. செந்தாமரையின் தம்பி ரகுதான் ஏற்பாடு. அவளுடைய அம்மா வீட்டில் இருந்ததும் ஒரே அறை. ரகுவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நல்ல மாமியாருக்கா, யாருக்குக் கெடைக்கும்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாளோ என்னவோ, ஆட்டியதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை லைன் லீடர் மாரி போன் செய்தாள். "தாமர, மண்டே பி ஷிஃப்ட்டுக்கு வந்துரும்மே. அதுக்கு மேல உம் பேர வெச்சிருக்க முடியாதுன்னு எச்.ஆர். ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நம்மல்லாம் கான்ட்ராக்ட்டு, தெரியும்ல?" அருகில் கோவிந்தம்மா துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "ம்" என்று மட்டும் சொல்லி செந்தாமரை போனை வைத்தாள். "யாரு தாயி?" "கூட வேல செய்றவங்க அத்த." "பாவம், விசாரிக்காவளோ" என்றபடி கோவிந்தம்மா செந்தாமரையின் நீலக் கம்பெனிச் சட்டையை உதறி, அதையும் மடித்துப் பைக்குள் வைத்தாள். அங்கே போய் அந்தச் சட்டையை எதற்குப் போடுவது?

அன்று மாலையோடு திருப்புவதை நிறுத்த வேண்டும். கடைசி மூன்று நாட்கள் முட்டையைத் தொடக்கூடாது, மூடியைத் திறக்கக்கூடாது. பேச்சிராஜ் அதற்கு 'ஷட்டவுன்' என்று பேர் வைத்திருந்தான். "கம்பெனி ஷட்டவுன் மாதிரி. உள்ள வேல நடக்கும், வெளிய இருந்து ஒருத்தரும் போவக்கூடாது." செந்தாமரை கடைசியாக ஒருமுறை உருட்டி, எல்லாவற்றிலும் ஏ பக்கத்தை மேலே விட்டு மூடினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு முட்டையின் அகன்ற முனையில் மிளகளவு விரிசல் விட்டது. உள்ளிருந்து மெல்லிய கீச்சு. விடியும்வரை அந்தச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. ஓட்டை பெரிதாகவில்லை. உள்ளே இருப்பதற்குத் திரும்பக்கூட இடம் இருக்காது என்று நினைத்தாள். அவளுக்கே மூச்சு முட்டியது. இருமுறை கை மூடிக்குப் போய்த் திரும்பியது.

ஞாயிறு காலை வேன் வந்து நின்றது. கோவிந்தம்மா படத்தை எடுத்துத் துண்டில் சுற்றினாள். சுவரில் ஆணி மட்டும் நின்றது. ரகு பைகளை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தான்.

"எழுந்திருக்கா. டிரைவரு கத்திகினு கீறான். பொட்டிய அப்படியே தூக்கி வேன்ல வெச்சுக்கலாம்."

"கரண்ட்ட புடுங்கினா சூடு போயிடும்டா."

"அப்போ இங்கியே வுட்டுட்டு வா. கனகா அக்கா பாத்துக்கும்."

கோவிந்தம்மா பெட்டியின் அருகில் வந்து குனிந்தாள். கீச்சுச் சத்தம் கேட்டது. "உசிரோட இருக்கத எப்படிய்யா விட்டுட்டுப் போவ? கோழிக்குஞ்சு எத்தனைய நான் ஓட்டப் பேத்து எடுத்துருக்கேன். எடுத்து முந்தானையில சுத்திக்கிட்டுப் போயிருவோம்." அவள் விரல்கள் மூடியின் விளிம்பைப் பற்றின.

செந்தாமரையின் உள்ளங்கை மூடியின் மேல் விழுந்தது. தெர்மகோல் நறுக்கென்றது.

"தொறக்காதீங்க அத்த."

அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. ரகு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஓட்டுக்குள்ள இன்னும் ரத்தம் கீது. அத அது உள்ள இழுத்துக்கணும். இப்ப ஒடச்சா ரத்தம் போயே செத்துடும். அவரு சொல்லிக்கீறாரு."

"எப்பம்தான் வரும் தாயி?"

"தெரியாது. இன்னிக்கு வரலாம். நாளைக்கு ஆவலாம்."

"நாளைக்கா? வேன் நிக்கே!"

செந்தாமரை கையை எடுக்கவில்லை. மூடியின் அடியிலிருந்த சூடு உள்ளங்கைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு எனக்கு பி ஷிஃப்டு, அத்த."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. ரகு ஏதோ சொல்ல வாயெடுத்தான். கோவிந்தம்மா அவன் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினாள். சுற்றிய படத்தை மடியில் வைத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி மெதுவாகப் பாயில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கு அந்த மூலை போதவில்லை, தோள்கள் இடித்தன. கோவிந்தம்மா கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள்.

"கூர மாதிரி போட்டுருக்கே, அது என்னது?"

"ஏ. அவரு எழுதினது. அந்தப் பக்கம் அவருது. அடியில இருக்கிறது என்னுது."

மறுபடியும் ஹாரன். முட்டை லேசாக அசைந்தது. ஓட்டையிலிருந்து முடி போன்ற ஒரு கோடு கிளம்பி, வளைந்து, அந்தப் பென்சில் கூரையின் அருகே வந்து நின்றது. ஓட்டைக்குள் அலகின் நுனி ஒன்று ஈரமாகத் தெரிந்தது. அது திறந்தது, மூடியது, திறந்தது. இருவருடைய மூச்சிலும் கண்ணாடி மங்கிக்கொண்டே வந்தது.