டாங்கியைக் காலியாக அனுப்பாதே

என் தம்பி வரதராசா உள்ளே இருப்பது துவக்குக்காக இல்லை, குண்டுக்காக இல்லை. ஒரு பழைய லொறியின் எண்ணெய் டாங்கிக்காக. இதை நான் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவர்களிலும் பிழை சொல்ல முடியாது. என் புருசனோடு ஒரு கிழமையாவது ஒரே வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கதை நம்பக்கூடியதாக இருக்கும்.

என் புருசன் நமசிவாயம் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சிக் கந்தோரில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். எந்தச் சாமானை எப்படிக் கட்டினால் கப்பல் கூலி குறையும் என்று சொல்வதுதான் அவருடைய வேலை. பெரிய சாமானுக்குக் கப்பல்காரன் பாரம் பார்ப்பதில்லை, அது பிடிக்கும் இடத்தைத்தான் பார்ப்பான். வெறும் வாளியை ஏற்றினால் வாளிக்குள் இருக்கும் காற்றுக்கும் சேர்த்துக் கூலி கட்ட வேண்டும். "காத்துக்குக் கூலி குடுக்கிற விசரன் நான் இல்லை" என்பார். இதைக் கந்தோரில் சொன்னால் சம்பளம் கொடுப்பார்கள். அவர் வீட்டிலும் சொன்னார். எங்கள் குசினியில் சோற்றுப் பானைக்குள் பருப்பு டின், பருப்பு டின்னுக்குள் தேயிலைப் பேணி, அதற்குள் நெருப்புப்பெட்டி. ஒரு தேத்தண்ணி வைப்பதென்றால் முதலில் பாதிக் குசினியைக் கழற்ற வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வீடு மாறியபோது முழுக் குடித்தனத்தையும் ஒரே கைவண்டியில் கொண்டுவந்து சேர்த்தார். என் கூறைச்சேலை இடியப்பச் சட்டிக்குள் இருந்தது. அதற்கு நான் ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை.

அந்த மனுசனுக்கு ஒரே ஒரு ஆசை, அவருடைய தகப்பன் விட்டுப்போன பெட்போர்ட் லொறி. ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெங்காயம் ஏற்றி வந்த லொறி அது. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் அதன் முன்பக்கத்தை எரித்துவிட்டார்கள். மிஞ்சிய சட்டமும் இயந்திரமும் கொட்டாஞ்சேனையில் ஸாலிஹ் நானாவின் கராஜில் ஒரு படங்குக்குக் கீழே கிடந்தன. ஸாலிஹ் நானா வாடகை கேட்காத நல்ல மனுசன். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"நமசிவாயம், இது மய்யித்து. மரியாதயா அடக்கிருவோம்" என்பார்.

"எஞ்சின் சுத்துது நானா. முகம் மட்டுந்தான் இல்லை" என்பார் இவர்.

கந்தோரை விட்டால் பென்சன் இல்லை. லொறி ஓடினால் துறைமுகத்துக்கும் பண்டகசாலைகளுக்கும் இடையில் ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தார். அந்த நினைப்பில் பிழை இல்லை. அந்தக் காலத்து லொறிக்கு முகம் இங்கே கிடைக்காது, அதுதான் பிரச்சினை.

கிடைத்தது பஹ்ரேனில். என் தம்பி அங்கே கப்பல் திருத்தும் துறையில் வெல்டர். ஒரு பழைய இரும்புக் கிடங்கில் அதே வயதுப் பெட்போர்ட் ஒன்று துருப்பிடிக்காமல் நிற்பதைக் கண்டு அத்தானுக்கு அறிவித்தான். கிடங்குக்காரன் அதைச் சும்மா கொடுக்காத குறைதான். கப்பல் கூலிதான் மலையாக நின்றது. என் புருசனுக்கு அதைக் கேட்டதும் கண் மின்னியது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் செய்து கொடுத்ததை முதல் தடவையாகத் தனக்குச் செய்யப் போகிறாரே.

காலிக்குப் போகும் பெருவீதியில் இருந்த தொலைபேசிக் கடைக்குப் போனோம். நான் பக்கத்தில் நின்றேன்.

"கபினை முழுசா அனுப்பாதை, தகடு தகடாக் கழட்டு. மட்காட்டை ஒண்டுக்குள்ள ஒண்டு அடுக்கு. பொனட்டைக் கவிட்டு அதுக்குள்ள ஸ்பிரிங் தகடுகளை வை. சீட்டுச் சட்டத்துக்க கண்ணாடியைச் செருகு. எல்லாம் உன்ர பேரில, உன்ர பயணச் சாமானா வரட்டும். அதுக்குத் தீர்வை குறைவு. விளங்குதே?"

"ஓம் அத்தான். டாங்கி?"

"டாங்கியைக் காலியா அனுப்பாதை. கியர் பல்லு, பிரேக் சாமான், கதவுப் பூட்டு எல்லாம் அதுக்குள்ள போகும்."

"வாய் சின்னன் அத்தான். போகாது."

"வெட்டி உள்ளுக்கு வைச்சுத் திருப்பி ஒட்டு. பேந்து நீ என்னத்துக்கு வெல்டர்?"

தம்பி அந்தப் பக்கத்தில் சிரித்தது எனக்கும் கேட்டது. நானும் சிரித்தேன்.

வரதன் தொண்ணூற்றாறு தைப்பொங்கலுக்கு வந்து இறங்கினான். இரண்டு மாத லீவு. ஹெவ்லொக் டவுனில் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தேன், அவர்களுக்கும் பிடித்திருந்தது. வந்த அன்றைக்கே பொலிசுக்குப் போய், எங்கள் வீட்டில் ஒரு ஆள் தங்குகிறார் என்று பதிந்தோம். அவனுடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். அந்த விலாசத்தோடு வெள்ளவத்தையில் இருப்பதென்றால் கதவு தட்டும்போதெல்லாம் எழும்பி நிற்க வேண்டும். அதற்கு நாங்கள் எல்லோரும் பழகித்தான் இருந்தோம். பெட்டிகள் பின்னால் கப்பலில் வந்துகொண்டிருந்தன.

ஜனவரி முடிகிற அன்று கோட்டையில் குண்டு ஏற்றிய லொறி ஒன்று வெடித்தது.

என் புருசனின் கந்தோர் யன்னல் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் கோட்டையிலிருந்து வெள்ளவத்தைவரை நடந்து வந்தார். சேட்டு முழுக்கக் கண்ணாடித் துண்டு, நெற்றியில் ஒரு வெட்டு. அடுத்த மேசைக்காரன் செத்துப்போனான் என்று சொன்னார். நான் அவருடைய தலைமயிருக்குள் இருந்து கண்ணாடி பொறுக்கினேன். அதற்குப் பிறகு கொழும்பில் லொறி என்ற சொல்லையே ஆட்கள் மெதுவாகத்தான் சொன்னார்கள்.

மாசியில், பெட்டிகள் ஒருகொடவத்தைச் சுங்கக் களஞ்சியத்துக்கு வந்துவிட்டன, பாஸ்போட்டோடு ஆளே வந்து எடுக்க வேண்டும் என்று அறிவித்தல் வந்தது.

"அதை அங்கேயே விடுங்கோ. கிடந்து உக்கட்டும்" என்றேன்.

"கிடக்கிற ஒவ்வொரு நாளைக்கும் வாடகை ஏறும் பத்மா. எடுக்காமல் விட்டாலும் ஏன் எடுக்கேல்லை எண்டு இவன்ரை பேரைத்தான் தேடுவினம்" என்றார்.

வரதன்தான் பயப்படவில்லை. "வெறும் இரும்பக்கா. இரும்பைப் பாத்து என்ன செய்யப்போறாங்கள்" என்றான்.

மூன்று பேரும் போனோம். பெட்டியைத் திறந்தார்கள். என் குசினியைப் போலவே இருந்தது. ஒரு மட்காட்டைத் தூக்கினால் உள்ளே இன்னொரு மட்காட். பொனட்டைப் புரட்டினால் துணியில் சுற்றிய நீளமான ஏதோ. சீட்டைப் பிரித்தால் கண்ணாடி. ஒவ்வொன்றையும் எடுக்க எடுக்க, காவலுக்கு நின்ற ஆமிக்காரப் பெடியன்களின் முகம் மாறிக்கொண்டே போனது. வீட்டில் எனக்குக் கோபம் வரும். இவர்களுக்குப் பயம் வந்தது. பயந்த ஆளின் கையில் துவக்கு இருப்பது கோபக்காரன் கையில் இருப்பதைவிட மோசம்.

கடைசியில் டாங்கி. இரண்டு பேர் தூக்கப் பார்த்து, பாரம் தாங்காமல் வைத்துவிட்டார்கள். அவர்களுடைய அதிகாரி வந்து குனிந்து பார்த்தார்.

"மேக எத்துளே மொனவத?"

உள்ளே என்ன என்று கேட்டார். வரதன் தெரிந்த சிங்களத்தில் லொறிச் சாமான் என்றான். அதிகாரி எல்லோரையும் பின்வாங்கச் சொன்னார். எங்களை மதிலுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். யாரோ வந்து டாங்கியை வெட்டினார்கள். உள்ளே கியர் பல்லுகளும் பூட்டுகளும், ஆடாமல் இருப்பதற்கு வரதனின் பழைய வேலைச் சட்டைகளால் சுற்றியபடி இருந்தன. வேறொன்றுமில்லை. நான் முருகா என்று மூச்சு விட்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

அதிகாரி அந்தப் பற்றுவைத்த இடத்தை விரலால் தடவினார். பொருத்தே தெரியாது. தேய்த்து, மினுக்கி, அதே நிறத்தில் பூசியிருந்தான். என் தம்பிக்கு அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாது, சின்ன வயதிலிருந்தே அப்படி.

ஒளிப்பதற்கு இல்லையென்றால் ஏன் பொருத்தை மறைத்தாய் என்று அதிகாரி கேட்டார். அவர் கத்தவில்லை. இந்த முறை கியர், அடுத்த முறை எது என்று கேட்டார். கோட்டையைப் பார்த்துவிட்டு வந்த மனுசன், அந்தக் கேள்வி அவருக்கு நியாயமாகத்தான் இருந்திருக்கும். கப்பல் கூலியை மிச்சம் பிடிக்க ஒருவன் டாங்கியை வெட்டி ஒட்டுவான் என்று அவருக்கு ஏன் தோன்ற வேண்டும்?

"இதைச் செய்யச் சொன்னது ஆர்?" அதுதான் கடைசிக் கேள்வி.

என் புருசன் காலமெல்லாம் சுங்கக்காரரோடு சிங்களத்தில் பகிடி விட்டுக் காரியம் முடித்தவர். அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கை தானாக நெற்றித் தழும்புக்குப் போனது. வரதன் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தான், பேசாதே அக்கா என்பதுபோல.

"மம தமய்" என்றான். நான்தான், வேறு ஒருவரும் இல்லை.

அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். திறந்த வாய் திறந்தபடியேதான் என் புருசன் வீடு வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காத்திருப்புத்தான். தடுப்புக் கட்டளை முடியப்போகிறது என்று நினைக்கும் போதெல்லாம் நீட்டினார்கள். பஹ்ரேன் விசா முடிந்தது. ஹெவ்லொக் டவுன்காரர் ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை, கோயிலில் கண்டால் வேறு பக்கத்தால் போனார்கள். பெட்டிகளைச் சோதித்து, தவறொன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். இரும்புக்கு யாழ்ப்பாண விலாசம் இல்லையே. ஸாலிஹ் நானாதான் ஆளையும் வண்டியையும் பிடித்து அதைக் கராஜில் கொண்டுபோய் இறக்கினார்.

"நீங்க இனி இங்க வரவேணாம் நமசிவாயம். என்ட பொடியன்மாரயும் ரெண்டு தரம் கூட்டிக்கிட்டுப் போய் விசாரிச்சிட்டாங்க" என்று சொல்லும்போது அவருக்கு அழுகை வந்ததாம்.

நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் எங்கள் வழக்கறிஞர் சிவபாதசுந்தரம் ஒளிக்காமல் கதைக்கிற மனுசன். "இரகசிய டாங்கி செய்த ஒரு ஆளைத்தான் அவங்கள் பாக்கிறாங்கள். ஏன் செய்தவன் எண்டு சொல்ல ஒரு சாட்சி வேணும். அந்தச் சாட்சி நீங்கள்தான் மிஸ்டர் நமசிவாயம். ஆனால் போனால் உங்களையும் வைச்சிருக்கலாம். நான் போங்கோ எண்டும் சொல்லேல்லை, வேண்டாம் எண்டும் சொல்லேல்லை" என்றார்.

அடுத்த நாள் காலையில் என் புருசன் ஒரு சின்னப் பையை எடுத்து வைத்து அடுக்கினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். துவாய் தனியாக, சோப் தனியாக, தண்ணீர்க் கோப்பை தனியாக. கோப்பைக்குள் ஒன்றும் இல்லை. அந்த மனுசன் ஒரு கோப்பையை வெறுமையாக வைத்து நான் கண்டதில்லை.

"ஒண்டுக்குள்ள ஒண்டு வைச்சா அவங்கள் பயப்பிடுவாங்கள்" என்றார்.

எனக்குத் தம்பியும் வேண்டும், புருசனும் வேண்டும். யாருக்கு எதைச் சொல்வது? நான் அவரைப் போங்கோ என்று சொல்லவில்லை. மறிக்கவும் இல்லை. தேத்தண்ணி கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

விசாரிக்கிறவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னாராம். கப்பல் கூலி, காற்றுக்குக் காசு, தொலைபேசிக் கடை, எல்லாம். எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, வரதனின் பழைய வாக்குமூலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்களாம். அதில் என் தம்பி, யாரும் சொல்லவில்லை, என் புத்திதான் என்று எழுதியிருந்தான். எத்தனை அடி விழுந்தும் அதை மாற்றவே இல்லையாம். இரண்டு கதை. அப்படியென்றால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார், பொய் சொல்கிறவரிடம் மறைக்க ஏதோ இருக்கிறது. ஒருவனாக இருந்தபோது சந்தேக நபர். இப்போது கூட்டம். அவரை வைத்துக்கொண்டார்கள், வரதனை விடவில்லை.

பார்க்க விட்ட அன்று கம்பிவலைக்கு அந்தப் பக்கம் முதலில் வரதன்தான் வந்தான். முன்பல் ஒன்று இல்லை.

"அத்தானை ஏனக்கா விட்டனீங்கள்? நான் ஒருத்தற்ற பேரும் சொல்லேல்லையே. நீங்கள் தனிய நிக்கக்கூடாது எண்டுதானே..." என்றான்.

பிறகு அவர் வந்தார். இருவரும் ஒரே அறையில்தானாம். ஒருவர் காலடியில் மற்றவர் தலை என்று மாறி மாறிப் படுக்கிறார்களாம்.

"ஒரு சாண் இடமும் வீணாப்போகேல்லை பத்மா" என்றார். பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கணக்குச் சொல்கிற அதே முகம், கண் மட்டும் நனைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி வைக்கலாம் என்று சோற்றுப் பானையைத் திறந்தேன். உள்ளே பருப்பு டின். அதற்குள் தேயிலைப் பேணி. அவர் அடுக்கிவிட்டுப் போனபடியே இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். பானை, சட்டி, டின், பேணி, பெட்டி, அலுமாரியில் இருந்தவை, கட்டிலுக்குக் கீழே இருந்தவை, ஒன்றுக்குள் இருந்து ஒன்றாக எடுத்து நிலத்தில் தனித்தனியாகப் பரப்பினேன். குசினி நிறைந்து கூடத்துக்கும் வந்துவிட்டது. கால் வைக்க இடமில்லை. அவ்வளவு சாமானுக்கும் நடுவில் நான் ஒருத்திதான் இருந்தேன்.