ஏழாவது தீக்கல்

+0

இந்தக் கதை என் சொந்தக் கற்பனை இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மதியம் என் அக்கா போன் செய்து, "டேய், என் மார்புக்கவசம் மாப்பிள்ளைகிட்ட மாட்டிக்கிச்சுடா" என்றாள். எழுதுகிறவன் காதில் இப்படி ஒரு வாக்கியம் விழலாமா? ஆறுதல் சொல்ல வேண்டிய தம்பி பேனாவைத் தேடினான்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். கடை மூடிய பிறகு ஓர் ஆன்லைன் விளையாட்டில் ‘இடிமுழக்கம்’ என்ற பெயரில் வாளும் கேடயமுமாக அலைவாள். மாப்பிள்ளை என்பது அவளுடைய ஒரே மகளின் கணவர், லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். அதே விளையாட்டில் அவர் பெயர் ‘மூணாவது மாடி’. இடிமுழக்கம் அடிபட்டால் மூணாவது மாடி மருந்து ஊற்றுவார். அவளுடைய ஆயுதங்களுக்குக் கல் பதித்துத் தருவதும் அவர்தான்.

போன் வருவதற்கு முந்தின வாரம் அக்கா மகள் இரண்டு பெட்டிகளோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பிப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டாள்.

கதை இவ்வளவுதான். இனி நான் செய்யப்போவதெல்லாம் பட்டறை வேலை. அந்த விளையாட்டில் வெறும் வாளை வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாதாம். தீ, நீர், காற்று, மண் என்று நான்கு வகைக் கற்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பதிக்கப் பதிக்க ஆயுதத்தின் பெயருக்குப் பக்கத்தில் +1, +2 என்று எண் ஏறும். மூன்றுக்கு மேல் எல்லாம் சூதாட்டம். கல் ஒட்டினால் பலம். ஒட்டாவிட்டால் அத்தனையும் உதிர்ந்து பழையபடி பூஜ்யம். இந்தக் கதையையும் அப்படியே எழுதிப் பார்க்கிறேன். பகுதிகளின் தலையில் உள்ள எண்களைக் கண்டு மிரள வேண்டாம்.

+1

முதல் வாக்கியத்துக்கு நான் பட்ட பாடு:

‘இடிமுழக்கம் வாளை உருவியபோது வானம் —’ (வானம் வேண்டாம். வானத்தில் ஆரம்பித்த என் கதை எதுவும் தரைக்கு வந்து சேர்ந்ததில்லை.)

‘மாமியார் மருமகன் உறவு என்பது நம் குடும்ப அமைப்பில் —’ (இது கட்டுரை. யாரும் கேட்கவில்லை.)

‘அக்காவுக்குக் கணுக்கால் முறிந்தது.’ (இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.)

கடையில் துணிச்சுருள் எடுக்க ஸ்டூலில் ஏறி விழுந்தாள். மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அம்மாவின் காலையும் அவளே படம் எடுத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விட்டாள். துணைக்கு மாப்பிள்ளை லீவு போட்டு வந்து உட்கார்ந்தார். அவர் "வெயில் ஜாஸ்தி" என்பார். அவள் "ஆமா" என்பாள். அதற்கப்புறம் மின்விசிறிதான் பேசும். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார், அவள் அந்த வெயிலில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வாள். மரியாதை என்பது சில சமயம் கணுக்கால் வலியைவிடக் கொடுமையாக இருக்கும். கடைசியில் அவர் பொறுக்க முடியாமல் தன் டேப்லெட்டை நீட்டி, சும்மா ஒரு காட்டுப்பன்றியை அடித்துப் பார்க்கச் சொன்னார்.

அக்கா பன்றியை அடித்தாள். பிறகு ஓநாயை. கால்கட்டைப் பிரித்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகும் நேரில் அவர்கள் பேச்சு ‘வாங்க’, ‘வர்றேன் அத்தை’ என்ற அளவைத் தாண்டவில்லை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு விளையாட்டுக்குள் இறங்கினால் மட்டும் வேறு ஜன்மம்.

"அத்தை, இடது பக்கம் ஒருத்தன் வர்றான், மண்டையில போடுங்க."

"நீங்க மொதல்ல மருந்தை ஊத்துங்க மாப்பிள்ளை, இங்க உசுரு போகுது."

மாமியாரை மண்டையில் போடச் சொல்லும் மருமகனை நானாகப் படைத்திருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.

+2

இப்போது கல்லைப் பற்றி. பொறுமையாகக் கேளுங்கள், நானே மூன்று தடவை கேட்டேன்.

எரிமலைக் குகையில் ஒரு தீ நாகம் இருக்கிறது. அக்கா தன் புத்தியை உபயோகித்தாள். நெருப்பை அணைப்பது தண்ணீர். ஆகவே வாளிலும் நீர்க்கல், கவசத்திலும் நீர்க்கல். குகை வாசலில் நாகம் ஒரு மூச்சு விட்டது. இடிமுழக்கம் கரிக்கட்டை.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பாம் இது. வாளில் நீர்க்கல் சரிதான். எதிரிக்கு ஆகாததை வாளில் வைக்கலாம். கவசத்துக்குக் கணக்கே வேறு. எதிரியிடம் என்ன இருக்கிறதோ அதையே கவசத்தில் பதிக்க வேண்டும். தீயைத் தாங்கத் தீக்கல்.

[இங்கே ‘வாழ்க்கையும் அப்படித்தான்’ என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அடித்த இடம் இன்னும் சுடுகிறது, தொட வேண்டாம்.]

இன்னொரு விதியும் உண்டு. பட்டறை வேலை கற்றவர்தான் கல் பதிக்க முடியும். அதற்குப் பொருளை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த கணத்திலிருந்து அது அவருடையது. திருப்பித் தரச்சொல்ல அங்கே சட்டம் கிடையாது. வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிய கொல்லர்கள் ஏராளம். அக்கா தன் கவசத்தை மாப்பிள்ளையைத் தவிர வேறு யாரிடமும் கழற்றிக் கொடுத்ததே இல்லை. ஆறு தீக்கல் ஏறியிருந்தது. ஏழில் தப்பினால் கல் உதிர்வதோடு போகாது, கவசமே உடைந்துவிடும். இருந்தும் ஏழாவதைப் பதிக்கக் கொடுத்தாள். மறுநாள் மகள் பெட்டிகளோடு வந்து நின்றாள்.

+3

போனால் போகட்டும், வேறு கவசம் செய்துகொள்ளேன் என்று நான் சொன்னேன். இந்த மாதிரி யோசனை சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

"கவசம் கெடக்குதுடா," என்றாள் அக்கா. "கேக்கறதுன்னா எந்த உரிமையில கேக்கறது? கேக்காம விட்டா அதோட முடிஞ்சுது. அவர் யாரோ, நான் யாரோ."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவுக்கு உறவு உண்டு, வாடிக்கையாளர் உண்டு, என்னைப் போல ஒரு தண்டச்சோறும் உண்டு. மனம் விட்டுச் சிரித்துப் பேச ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அவர் மருமகனாக வந்ததால் கிடைத்தவர், மருமகன் என்ற முறை போனால் கூடவே போகிறவர். அவரோடு பேசினால் மகளுக்குத் துரோகம் என்று அவள் பயந்தாள். பெற்ற பெண் பக்கத்து அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது எப்படிப் பேசுவாள்?

ஆனாலும் மாலையானால் விளையாட்டுக்குள் போய்விடுவாள். ஹெட்செட் மேஜையில் கிடக்கும். இடிமுழக்கம் கவசமில்லாமல் வெறும் உள்சட்டையோடு ஊர்க் கிணற்றடியில் நிற்கும். எதிரே பட்டறை வாசலில் மூணாவது மாடி நிற்கும். இரண்டும் அசையாது, பேசாது. புதிதாக வந்த யாரோ ஒருவர் அவர்களை விளையாட்டின் கடைக்காரப் பொம்மைகள் என்று நினைத்து, கேடயம் என்ன விலை என்று மாறி மாறி விசாரித்துவிட்டுப் போனார்.*

* இதை அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

+4

இந்த இடத்தில் கதை சப்பென்று இருப்பதாகப் பட்டது. ஒரு தீக்கல்லைப் போட்டேன்.

மாப்பிள்ளை அயோக்கியர் ஆனார். கவசத்தை எதிர்க்கூட்டத்துக்கு விற்றுவிட்டார். இடிமுழக்கம் உள்சட்டையோடு வாளை ஓங்கிக்கொண்டு ஊர் ஊராகத் துரத்துகிறாள். எழுதும்போது எனக்கே கை பரபரத்தது. கடைக்கு எடுத்துப் போய் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

"அவர் அப்படிப்பட்டவர் இல்லடா."

அப்படியானால் உன் பெண் ஏன் வந்துவிட்டாள் என்று கேட்டேன்.

"நல்லவங்க ரெண்டு பேருக்கு ஒரே வீட்ல ஒத்துப்போகணும்னு இருக்கா? உனக்கு என்ன தெரியும், உன்னோட சண்டை போடக்கூட வீட்ல ஆள் இல்ல" என்றுவிட்டு மெஷினை மிதித்தாள்.

கல் ஒட்டவில்லை. உதிர்ந்தது.

+0

மறுபடியும் முதலிலிருந்து. ஆனால் பயப்படாதீர்கள், கணுக்காலை இன்னொரு தடவை முறிக்க மாட்டேன்.

அக்கா மகளைப் பற்றி எழுதாமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். அவளை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஒரு வரைவில் அவள் அம்மாவின் கையிலிருந்து டேப்லெட்டைப் பிடுங்கி எறிகிறாள். இன்னொன்றில் ‘அவள் கண்களில் கண்ணீர் —’ வேண்டாம், அதை நான் பார்க்கவில்லை. இந்தத் தாள்களை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மறந்து வைத்துவிட்டு வந்தேன். மறந்தேன் என்பது என் கட்சி. அவள் எல்லாவற்றையும் படித்துவிட்டாள்.

"மாமா, எங்க எக்ஸ்ரேல கூட ஆளை இவ்வளவு கறுப்பா காட்ட மாட்டோம்" என்றாள்.

ஏன் பிரிந்தீர்கள் என்று எழுத்தாளனாகவும் மாமனாகவும் கேட்டுப் பார்த்தேன். அது உங்கள் கதைக்குத் தேவையில்லை என்றாள். ஆகவே உங்களுக்கும் தேவையில்லை. நானே வாயை மூடிக்கொண்டபோது நீங்களும் மூடிக்கொள்வதுதான் முறை.

பிறகு அவள் நேரே அம்மாவிடம் போனாள். நான் பின்னாலேயே போனேன், தொழில் அப்படி. அக்கா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள், அதாவது கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். திரையை மறைக்கப் பார்த்தாள்.

"பிரிஞ்சது நான்," என்றாள் மகள். "உன்னையும் சேர்ந்து பிரியச் சொன்னேனா? போய் உன் சட்டையை வாங்கிக்கோம்மா."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சாத்தினாள்.

+1

வாசகர்களுக்காகச் சில முடிவுகள் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றில் கவசம் சுக்குநூறாக உடைந்திருக்கும், எல்லோரும் அழுவோம். இன்னொன்றில் ஏழு தீக்கல்லும் ஜொலிக்கும், மாமியாரும் மருமகனும் நாகத்தை வெட்டிச் சாய்ப்பார்கள், அந்தச் சந்தோஷத்தில் மகள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு புருஷன் வீட்டுக்கு (அவள் கதவைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்ப்பதுபோல் இருக்கிறது. இது வேண்டாம்.) மூன்றாவதில் அவர் வருவதே இல்லை.

அவர் வந்தார். இடிமுழக்கம் கிணற்றடியை விட்டு நகர்ந்து பட்டறை வாசலில் போய் நின்றதும், அவள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே கொடுக்கல் வாங்கல் பெட்டி திரையில் திறந்தது. அவர் பக்கத்தில் கவசம் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் +6.

அவர் பேசவில்லை, எழுத்தில் அனுப்பினார். "ஏழாவது போடல. உடைஞ்சுட்டா திருப்பிக் கொடுக்க வர்றதுக்கு எனக்கு ஒண்ணும் இருக்காதே."

அக்கா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

கவசம் கை மாற இரண்டு பேரும் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு பேரும் அழுத்தவில்லை. அவர் ஏதோ எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தது தெரிந்தது. கடைசியில் வந்தது: "ஒண்ணு கேக்கணும். இனிமே உங்களை எப்படிக் கூப்பிடறது?"

அக்கா என்னைப் பார்த்தாள். "நீதான் எழுத்தாளனாச்சே. ஒரு வார்த்தை சொல்லு."

அம்மா என்றேன். அவருக்கு அம்மா இருக்கிறார்களாம், நன்றாகவே இருக்கிறார்களாம். மேடம் என்றேன். "நான் என்ன அவர் ஆபீஸ்ல லிஃப்ட் ரிப்பேர் சொல்ல வந்தவளா?" சரி, அக்கா என்று கூப்பிடட்டுமே என்றேன்.

"முட்டாள். நான் அக்கான்னா என் பொண்ணு அவருக்கு மறுபடியும் முறைப்பொண்ணு ஆயிடுவாடா."

அடுத்த அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. இருமலா சிரிப்பா என்று சொல்ல மாட்டேன், கதவு சாத்தியிருந்தது.

என் சரக்கு தீர்ந்துவிட்டது. இத்தனை வருஷம் எழுதியவனிடம் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அக்கா டேப்லெட்டைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். முழங்கையால் இடித்துத் தள்ளினாள். அனுப்பினாள். பிறகு அவர் சம்மதம் அழுத்தினார். அவளும் அழுத்தினாள். மேஜையில் கிடந்த ஹெட்செட்டை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, நான் இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்பதுபோல் பார்த்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வார்த்தை என்ன என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை. ஆகவே கதையில் இந்த இடம் காலி:

[                    ]

நீங்கள் நிரப்புங்கள். நிபந்தனைகள் அதிகமில்லை. அடிதடிக்கு நடுவே கூப்பிட வேண்டிய பெயர், ஆகையால் சுருக்கமாக இருக்கட்டும். நீட்டி முழக்கினால் அவள் செத்துப்போவாள். மரியாதை குறையக் கூடாது. கூடிப்போய், மறுபடியும் நாற்காலி நுனியில் உட்கார வைக்கவும் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவள் காதில் விழுந்தால் அவளுக்கு வலிக்கக் கூடாது. அப்படி ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அக்காவுக்குக் கிடைத்திருக்கிறது.