போன் செய்துவிட்டுப் போனவள்

தையல்கார அக்காவுக்கு மரியாதை முக்கியம். யார் வீட்டு வாசலிலும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கமாட்டாள். விலங்குகள் காப்பகத்தைக் கண்காணிக்க ஊர்க்காரர்கள் ஐந்து பேரைக் குழுவாகப் போட்டபோது, அவளும் அதில் ஒருத்தி. அங்கேயும் அந்தப் பழக்கம் கூடவே போயிற்று. மாதம் ஒருமுறை போவார்கள். முந்தின நாளே மேலாளருக்குப் போன் போய்விடும்.

"தம்பி, நாளைக்கு வர்றோம்பா."

"வாங்கக்கா, உங்க வீடு மாதிரி!"

போனால் கழுவிய தரை, கிண்ணம் நிறையத் தண்ணீர், வாலாட்டும் நாய்கள். மனம் குளிரக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள்.

இதற்கிடையில் மாடி வீட்டு பஸ் டிரைவரின் நாய் காணாமல் போனது. செவலை, வலது காது கிழிசல். அவன் காப்பகத்துக்கே போய்க் கேட்டான். இல்லையென்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

"நீங்க உள்ள போறவங்க, கொஞ்சம் பாருங்கக்கா."

அடுத்த மூன்று மாதமும் கூண்டு கூண்டாகப் பார்த்தாள். "இல்லப்பா. இருந்தா என் கண்ணுல படாமலா போகும்? இன்னும் கண்ணாடி போடாம ஊசியில நூல் கோக்கிறவ நான்."

குழுவில் இருந்த நர்ஸம்மாதான் ஆரம்பித்தாள். "இனிமே சொல்லாமத்தான் போகணும்."

"நாம என்ன திருடனப் பிடிக்கவா போறோம்?" என்று அக்கா சண்டைக்கே போனாள்.

"திருடன் இல்லன்னா, சொல்லாம போனா என்ன குறைஞ்சிடும்?"

கை தூக்கச் சொன்னார்கள். நாலு பேர் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம்.

சொல்லாமல் போன முதல் நாளே குட்டு வெளிப்பட்டது. கோப்புகள் வைக்கும் பீரோ நகர்ந்திருந்தது. அதன் பின்னால் இத்தனை நாள் தெரியாத ஒரு கதவு. உள்ளே ஜன்னல் இல்லை. சொறியும் புண்ணுமாக இருபது நாய்கள். கூட்டிப் பெருக்கும் அம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"முடியாததெல்லாம் இங்கதாம்மா. நீங்க போன் பண்ணினதும் பூட்டி, பீரோவ இழுத்து வச்சிடுவோம்."

அக்கா ஒவ்வொரு நாயின் காதாகப் பார்த்தாள். "காது கிழிஞ்ச செவலை ஒண்ணு..."

"அதுவா? மூணு மாசமா இங்கதான் கிடந்துச்சு. போன செவ்வாக்கிழமை உசுரு போயிடுச்சு."

மேலாளரை மாற்றினார்கள். அறைக்கு ஜன்னல் வைக்க ஆள் வந்தது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று போர்டு மாட்டினார்கள். ஊரே குழுவை மெச்சியது. அக்கா மட்டும் நாலு நாள் மாடிப்படி வரைக்கும் போவதும் திரும்புவதுமாக இருந்தாள். ஐந்தாம் நாள் ஏறிவிட்டாள்.

"நான் சொல்லிட்டுப் போனதாலதாம்பா பூட்டி வச்சாங்க. அது பீரோவுக்குப் பின்னாடி இருந்திருக்கு. நான் முன்னாடி நின்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டான்:

"அந்த ரூம், தண்ணித் தொட்டி ரோட்டுப் பக்கமா அக்கா?"

"ஆமாப்பா."

"நம்ம பஸ் அந்த வழிதான். திருப்பத்துல ஹாரன் அடிப்பேன், ஒரு நாளைக்கு ஆறு தடவ." பொத்தானில் விரல் நின்றது. "என் ஹாரன் அதுக்கு நல்லாத் தெரியும்."

அக்கா அங்கேயே, படியில் உட்கார்ந்துவிட்டாள்.