பொன்னுருக்கலில் மணப்பெண்

தாலிப் பொன்னை உருக்கும் சடங்குக்கு மணப்பெண் வரலாகாது என்பது யாழ்ப்பாண மரபு. ஆயினும் சிங்கப்பூரின் தோ பாயோவில் மணமகன் கஜனின் வீட்டுக்குள் மணப்பெண் சிவதர்ஷினி நுழைந்தாள். மாமனார் இந்தோனேசியாவின் கலிமந்தான் சுரங்கத்தில் வாங்கிவந்த பொற்கட்டியைக் கஜன் படமெடுத்து அனுப்பியிருந்தான். ஆய்வகத்தில் பணிபுரியும் அவள் அதன் வெளிறிய நிறத்தில், சுரங்கத்தில் பொன்னைப் பிரிக்கச் சேர்க்கும் பாதரசத்தைக் கண்டுகொண்டாள்.

தட்டார் நெருப்பை மூட்டியிருந்தார். அருகே கஜனின் அக்காள் நிறைசூலியாய் அமர்ந்திருந்தாள்.

“உருக்காதீங்க! ஆவியா வர்ற பாதரசம் அக்கா வயித்துப் பிள்ளையோட மூளையைக் கெடுக்கும்.”

“நெருப்பு எல்லாத்தையும் சுத்தமாக்கும் லா,” என்று மாமனார் நகைத்தார்.

“பொன்னைச் சுத்தமாக்கும், மாமா. நாம மூச்சு விடுற காத்தை இல்ல.”

“சகுனம் கெட்டுப்போச்சே!” என்று மாமியார் அரற்றினார்.

“கெடட்டும், மாமி.” அவள் இடுக்கியால் கட்டியை எடுத்துத் தான் கொண்டுவந்த போத்தலில் இட்டு இறுக மூடினாள். தன் வளையலைக் கழற்றித் தட்டாரிடம் நீட்டினாள். “இதை உருக்குங்க. முடியிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”