தேனுகா இப்போது எங்கே

கேரல் நன்றாகத் தூங்கி மாதக்கணக்காகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடிந்து விஜயநகர் வீட்டுக்கு வந்தால், மாமனார் தேவநேசன் கட்டிலருகே விறைப்பாக நின்றுகொண்டிருப்பார். படுக்கமாட்டார். உட்காரச் சொன்னால், பம்பை யார் பார்ப்பது என்று கேட்பார். கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தன. எழுபத்தொன்று யுத்தத்தில், கடற்படையின் எண்ணெய்க் கப்பலான தேனுகாவில் பம்ப் பார்த்த மனுஷன். இத்தனை வருஷம் அதைப் பற்றி வாயே திறக்காதவர், மறதி வந்ததும் அந்தக் கப்பலிலேயே போய்க் குடியேறிவிட்டார்.

தினமும் ஒரே கேள்வி. தேனுகா இப்போது எங்கே நிற்கிறது? கொச்சியில்தான், நன்றாக இருக்கிறது என்பாள் கேரல். அதையோ என்றைக்கோ உடைத்து இரும்புக்குப் போட்டாயிற்று. கிழவர் தாங்கமாட்டார் என்று அவளும் கணவன் கார்லும் சேர்ந்து சொல்லிவந்த பொய் அது. நல்ல எண்ணம்தான், யார் இல்லையென்றது? ஆனால் கார்லும் ஓய்ந்துபோய், திங்கட்கிழமை முதியோர் இல்லத்தில் விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டான். கேரலுக்கு மனசு கேட்கவில்லை. மல்லுக்கட்ட உடம்பில் தெம்பும் இல்லை.

சனிக்கிழமை காலை, அதே கப்பலில் சமையல் பார்த்த லிங்கப்பன் நஞ்சன்கூட்டிலிருந்து வருவதாக இருந்தது. உடைத்த கதையை எடுக்காதீர்கள் என்று வாசலிலேயே சொல்லிவிட நினைத்தவள், காபிக்குப் பாலை வைத்துவிட்டு, நின்ற வாக்கிலேயே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாள். பால் தீய்ந்த நாற்றத்தில் விழித்தால், மனுஷர் உள்ளே வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்.

கதை ஆதியோடந்தமாகப் போய்க்கொண்டிருந்தது. யுத்தத்தில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, போர்க்கப்பல்களோடு ஒட்டி ஓடியபடியே எண்ணெய் கொடுத்தது. ஒரு குண்டுகூடச் சுடாததால் பதக்கமெல்லாம் அந்தக் கப்பல்களுக்கே போனது. பிறகு புயலடித்த ஊர்களுக்குக் குடிதண்ணீர் சுமந்தது.

"கடைசியில குஜராத் கரையில ஏத்தி உடைச்சுட்டாங்கப்பா. நானே போய்ப் பாத்தேன்," என்றார் லிங்கப்பன்.

போச்சுடா என்று ஓடினாள் கேரல். தேவநேசன் கத்தவில்லை, அழவில்லை. ஆட்கள் என்ன ஆனார்கள் என்று மட்டும் கேட்டார். எல்லாரும் முன்பே இறங்கிவிட்டார்கள் என்றார் லிங்கப்பன். பம்ப்? அதுவும் இல்லை. கிழவர் மருமகள் பக்கம் திரும்பினார்.

"அப்ப நானும் இறங்கலாமாம்மா?"

"இறங்கலாம் மாமா."

கட்டிலில் உட்கார்ந்தார். வீங்கின காலை அவள் தூக்கி வைப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேனா என்று லிங்கப்பன் பதறினார். கேரல் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க இல்லைங்க," என்றாள் அழுகையோடு. "கப்பல் இருக்கு, இருக்குன்னு தினமும் சொல்லி, நாங்கதான் இவரை இத்தனை நாளா நிக்க வெச்சிருக்கோம்."