கை குடுத்தவள்

அம்மா போனில் உங்களிடம் சொன்னது பாதிதான், சித்தி. மீதியை நான் சொல்கிறேன். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் வேறு எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருக்க வேண்டாம். பயப்பட வேண்டியதை எல்லாம் நான் பயந்து முடித்துவிட்டேன். முடித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. பெரும்பகுதி முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தபோது மெயில் வந்தது. அனுப்பியது மிஸஸ் பெக்வித். எங்கள் விடுதி, விடுப்பு, ஒழுங்கு எல்லாம் அவர் பொறுப்பு. மொத்தம் மூன்று வரி. வியாழன் மூன்றரை மணிக்கு என் அறைக்கு வா. உன் அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். விடுப்புப் படிவத்தில் இருக்கும் கையெழுத்தைப் பற்றிப் பேச வேண்டும். வாயில் இருந்த பீட்சா துண்டு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

இங்கே நாங்கள் நூற்று அறுபது பேர். பதினொன்றாம் வகுப்பிலேயே வீட்டை விட்டு வந்து, பல்கலைக்கழக வளாகத்திலேயே தங்கி, இருபது வயதுக்காரர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கால்குலஸும் வேதியியலும் படிக்கிறோம். இரண்டு வருடத்தில் பள்ளிக்கூடமும் முடியும், கல்லூரியில் பாதியும் முடிந்துவிடும். மாநிலம் முழுக்கப் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுப்பார்கள். எடுத்த மாதிரியே திருப்பியும் அனுப்புவார்கள். அதை யாரும் நீக்கம் என்று சொல்வதில்லை. 'திரும்பிப் போறது' என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு அறைக் கதவிலும் ஆரஞ்சு நிறக் காகிதத்தில் பூசணிக்காய் வெட்டி, அதில் எங்கள் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். யாராவது திரும்பிப் போனால் பூசணிக்காயைக் கிழித்துவிடுவார்கள். நாலு மூலையில் ஒட்டிய டேப் மட்டும் மிஞ்சும். எங்கள் மாடியில் அப்படி இரண்டு கதவு இருக்கிறது. அந்தப் பக்கம் நடக்கும்போது நான் தரையைப் பார்த்துத்தான் நடப்பேன்.

என் அறைத்தோழி ஒடாலிஸ் மெயிலை எட்டிப் பார்த்தாள். என் பெயரை வான் என்று சொல்ல இங்கே யாருக்கும் வராது. எல்லோருக்கும் நான் வேன்தான்.

"வேன், உன்னை ஏத்திட்டுப் போக இன்னொரு வேன் வருது போல."

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். என்ன செய்தாய் என்று கேட்டாள். அம்மா கையெழுத்தை நான் போட்டேன் என்றேன். எத்தனை தடவை என்றாள். ஒன்பது வயதிலிருந்து என்றேன். கையில் இருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அதற்கு இங்கே வேறு பெயர் என்று ஒரு வார்த்தை சொன்னாள். அறைக்குப் போய் அதன் பொருளைத் தேடினேன். கள்ளக் கையெழுத்து. விதிப் புத்தகத்தில் மூன்றாம் நிலைக் குற்றங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மது வைத்திருப்பது, விடுதிக்குத் தீ வைப்பது, அதற்கு அடுத்த வரியில் நான்.

சித்தி, நம் வீட்டில் அதை யாராவது கையெழுத்து என்று சொன்னதுண்டா? அங்கே உங்களோடு இருந்தவரை அம்மாவுக்குக் கட்டைவிரல்தான். அதையும் நீங்கள் தாளைப் படித்துச் சொல்லாமல் அவள் மையில் வைத்ததில்லை. இங்கே வந்த முதல் வாரம் வாடகை வீட்டு அலுவலகத்தில் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்து, கோடு போட்ட இடத்தில் எல்லாம் போடச் சொன்னார்கள். விரல் செல்லாது என்றார்கள். அம்மா பேனாவை என் பக்கம் தள்ளி, "கை குடுடி" என்றாள். எனக்கு ஒன்பது வயது. தியால் நெம் என்ற அவள் பெயரை ஆங்கிலத்தில் எழுதினேன். முதல் எழுத்துக்கு நீளமாக ஒரு கூரை, நடுவில் ஒரு எழுத்துக்கு ஏணி மாதிரி இரண்டு கால். அழகாக இருக்கிறது என்று அம்மா தலையைத் தடவினாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம், மருத்துவமனை, மின்சாரம், எந்தத் தாள் வந்தாலும் அம்மா கை குடு என்பாள், நான் கூரையும் ஏணியும் போடுவேன். நம் சபையில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்லும். அது தப்பு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பாத்திரம் கழுவுவது மாதிரி அதுவும் ஒரு வீட்டு வேலை.

இந்த முறை மாட்டிய படிவம் அக்டோபரில் கொடுத்தது. அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய தடவை அவள் தனியாகப் போனபோது போனில் பர்மிய மொழி பேசுகிறவரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நம் பேச்சு வேறு, அது வேறு என்று அவர்களுக்கு எங்கே தெரியும்? அம்மாவும் தலையை ஆட்டிவிட்டு, எண்ணெயைக் குறைக்கச் சொன்னார்கள் என்று வந்தாள். அவர்கள் சொன்னது ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று. அதனால் இந்தத் தடவை நான் கூடப் போயே ஆக வேண்டும். விடுப்புப் படிவத்தைப் புதன் ஐந்து மணிக்குள் தர வேண்டும். அம்மா கிடங்கில் பெட்டி ஒட்டும் வேலையில் இருந்தாள். நான் கை குடுத்தேன்.

மிஸஸ் பெக்வித் மாதத்துக்கு நாலைந்து பெற்றோரைச் சும்மா கூப்பிட்டுச் சரிபார்ப்பாராம். டீ நேரத்தில் அம்மாவுக்குப் போன் போயிருக்கிறது. படிவத்தில் நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்தே கூப்பிடுகிறார்களே என்ற பூரிப்பில் அம்மா தனக்குத் தெரிந்த பத்து இங்கிலீஷ் வார்த்தையில் ஆறை எடுத்துப் போட்டாள்.

"நோ சைன். டாட்டர் ஹேண்ட். குட் டாட்டர்."

அதை என்னிடம் பெருமையாகவே சொன்னாள், சித்தி. உன்னைப் பற்றி நல்லதாகச் சொல்லிவிட்டேன் என்றாள். அதனால்தான் மாட்டிக்கொண்டேன் என்று நான் சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

புதன்கிழமை எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது. வேதியியல் கூடத்தில் ஒரு சொட்டு விழுந்ததும் இளஞ்சிவப்பில் நிற்க வேண்டிய கரைசல், நான் குழாயை மூட மறந்து கருஞ்சிவப்பாகிப் போனது. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அப்படியே. மத்தியானம் அறைக்கு வந்து பெட்டியை இழுத்து, குளிர்கோட்டை மடித்து உள்ளே வைத்தேன். போகச் சொன்னால் எல்லோரும் பார்க்கப் பார்க்க அடுக்க வேண்டாமே என்று. ஒடாலிஸ் கோட்டை எடுத்து மறுபடி கொக்கியில் மாட்டினாள்.

வியாழன் மூன்றேகாலுக்கு அம்மா வந்து இறங்கினாள். கிடங்கு ஜாக்கெட்டுக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கட்டும் நெய்த பாவாடை. கையில் ஒரு தூக்கு நிறைய சோளமும் எலும்பும் போட்ட கஞ்சி, மிஸஸ் பெக்வித்துக்கு. அதைக் காரிலேயே வைத்துவிடு என்று கெஞ்சினேன். கேட்கவில்லை.

அறையில் மொழிபெயர்த்துச் சொல்ல மேஜை மேல் போன் தயாராக இருந்தது. அதிலிருந்து ஓர் ஆண் குரல் பர்மிய மொழியில் பேசியது. நான்கு வாக்கியம் ஆனதும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"யாரு எதைத் திருடினா? இந்த ஆளு என்னடி சொல்றான்?"

இது எங்கள் மொழி இல்லை என்றேன். மிஸஸ் பெக்வித் வேறு எங்கோ கூப்பிட்டுக் கேட்டார். எங்கள் மொழிக்காரர் திங்கட்கிழமைதான் கிடைப்பாராம். ஒழுங்குக் குழு முடிவெடுப்பது நாளைக்கு. அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டு இருந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வழக்கமா இப்படிச் செய்ய மாட்டேன் வேன். நீயே சொல்லு. அவங்க சொல்றத அப்படியே சொல்லணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

குற்றவாளியும் நான், மொழிபெயர்ப்பாளரும் நான்.

இந்தக் கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டார். அம்மாவிடம் அதைச் சொன்னேன். அம்மா தாளைப் பார்க்கவே இல்லை.

"எல்லாம் நான் போட்டதுதான்னு சொல்லு."

"அம்மா, போட்டுக் காட்டச் சொல்லுவாங்க."

"சொல்லட்டுமே. ரெண்டு நாளா பெட்டி மேல அதைத்தானே போட்டுட்டிருக்கேன். எரநூறு பெட்டி என் பேரைச் சொமந்துக்கிட்டு ஊரெல்லாம் போயிருக்கும்."

என்ன சொல்கிறார்கள் என்று மிஸஸ் பெக்வித் கேட்டார். எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வந்தது. நாலு துண்டு டேப். ஆமாம் என்று சொல்கிறார்கள் என்றேன். அது பொய்யும் இல்லை. அம்மா சொன்னது அதுதானே.

அவர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். கூரை. ஏணி. அச்சு அசல் என்னுடையது. மிஸஸ் பெக்வித் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெருமூச்சு விட்டார். அவருக்கும் நிம்மதிதான், தெரிந்தது. போனில் தானே தப்பாகப் புரிந்துகொண்டதாகச் சொல்லி, தான் மன்னிப்புக் கேட்பதாக அம்மாவிடம் சொல்லச் சொன்னார். அவ்வளவுதான், சித்தி. நான் தப்பித்துவிட்டேன். மூச்சு வந்தது.

வந்ததே வந்தார்கள், இதிலும் ஒன்று போட்டுவிடட்டும் என்று கோப்பிலிருந்து வேறு இரண்டு தாளை எடுத்து வைத்தார். அடுத்த வருடத்துக்கான மருத்துவப் படிவம். பொடி எழுத்து. அவசரம் என்றால் எனக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று இவர்களே முடிவெடுக்கலாம் என்று நடுவில் ஒரு வரி. அம்மா அது என்ன என்று கேட்கவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோடு எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடினாள். படித்துச் சொல்லாமல் கட்டைவிரலை நீட்டாதவள், பேனாவைக் கோட்டின் மேல் வைத்துவிட்டாள். எனக்காக எதில் வேண்டுமானாலும் போட்டுவிடுவாள். அதைப் பார்த்ததும் வந்த பயம், இரண்டு நாளாக இருந்த பயத்தைவிடப் பெரியது.

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"போன்ல நீங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டீங்க, மிஸஸ் பெக்வித். எல்லாம் நான் போட்டது. அந்த வெள்ளைத் தாள்ல இருக்கே, அது ஒண்ணுதான் அம்மா போட்டது."

என்ன சொன்னாய் என்று அம்மா கேட்டாள். சொன்னேன். மேஜைக்கு அடியில் என் தொடையில் ஓங்கி ஒரு கிள்ளு.

"பைத்தியக்காரி. கரைக்கு வந்த தோணியைக் காலால எத்திவிட்டுட்டியே."

"என்ன சொல்றாங்க?"

"அப்படியே சொல்லணுமா?"

"அப்படியேதான்."

"நான் ஒரு பைத்தியக்காரின்னு சொல்றாங்க."

மிஸஸ் பெக்வித் சிரிக்கவில்லை. ஆனால் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அம்மா நிறுத்தாமல் பேசினாள். ஒன்பது வயதில் பேனாவைக் கையில் கொடுத்தது தான்தான் என்றாள். மகளுக்குத் தண்டனை என்றால் சொல்லிக்கொடுத்தவளுக்கும் ஒன்று கொடுங்கள் என்றாள். கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். போகும்போது அம்மா கஞ்சித் தூக்கை மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தகவல் வந்தது. திரும்பிப் போக வேண்டாம். என் கோப்பில் ஒரு குறிப்பு இருக்கும். இனி ஒவ்வொரு படிவத்தையும் அம்மாவுக்கு எங்கள் மொழியில் வேறொருவர் படித்துச் சொன்ன பிறகு அம்மாவே போட வேண்டும். ஜனவரி வரை எனக்கு விடுப்பு கிடையாது, வளாகத்தை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. கதவில் பூசணிக்காய் அப்படியே இருந்தது. அதன் மேல் கை வைத்து நின்றபோதுதான் உறைத்தது. அம்மாவின் ஆபரேஷன் நவம்பர் பத்தொன்பது.

போனில் அம்மாவிடம் சொன்னேன்.

"நான் போய்க்கறேன்டி. எனக்கென்ன, வாய் இல்லையா? கை வேற வந்துடுச்சு."

பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு எனக்குக் கால்குலஸ் தேர்வு. பத்து ஆனால் கதவைச் சாத்திவிடுவார்கள், அப்புறம் யாரையும் விட மாட்டார்கள். ஒன்பது ஐம்பத்து நாலுக்கு அம்மாவிடமிருந்து மூன்று படங்கள் வந்தன. ஆபரேஷன் சம்மதப் படிவம், மூன்று பக்கம், ஓரத்தில் தாளைப் பிடித்திருக்கும் அவள் கட்டைவிரல். உடனே கூப்பிட்டாள்.

"அதே பர்மாக்காரனைப் போன்ல போட்டாங்க, ஒண்ணும் புரியல. ஒரு பொண்ணு பேனாவ நீட்டிக்கிட்டே நிக்கிறா. நீ படி. நீ படிச்சுச் சொல்லாம நான் போடறதா இல்ல."

தேர்வுக் கூடத்துக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்து படித்தேன். மயக்க மருந்துக்கு நம் பேச்சில் எனக்குச் சொல் தெரியவில்லை. தூங்க வைப்பார்கள் என்றேன்.

"எந்திரிப்பேன்ல?"

அடுத்த வரி அதைப் பற்றித்தான். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். கதவருகே நின்றவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

"எல்லாரும் எந்திரிச்சுடுவாங்களாம். ஆயிரக்கணக்குல எங்கயோ ஒருத்தர் எந்திரிக்காமப் போறதும் உண்டுன்னு போட்டிருக்கும்மா."

பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"சரி. அடுத்த வரியப் படி."