துண்டு இல்லாத எடை

நாலு மாடி. லிஃப்ட் கிடையாது. என் முழங்காலுக்கு அந்தக் கட்டடத்தின் மேல் தீராத கோபம். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் பார்க்கப் போகும் வீட்டின் தலைவர் ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். "உங்க வீட்டுக்கு ஒண்ணு மாட்டக் கூடாதா தம்பி?" என்று முதல் நாளே மூச்சு வாங்கக் கேட்டேன். "அதுக்கு எல்லா மாடியிலயும் தரையை உடைக்கணும் சிஸ்டர், கீழ் வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க" என்று முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் பதில் சொன்னார். அன்றிலிருந்து அவரை எனக்குப் பிடிக்கும்.

நான் நர்ஸ். வசதி குறைந்த வீடுகளில் முதல் பிள்ளை பெற்றவர்களை வாரம் ஒரு தடவை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. தோள் பையில் குழந்தைத் தராசு, டேப், தெர்மாமீட்டர், நோட்டு. எடை போடுவேன், பால் குடிக்கிற விதத்தைப் பார்ப்பேன், கேள்வி கேட்பேன். என் கேள்விகள் போலீஸ் கேள்விகள் மாதிரி இருப்பதாக என் மேலதிகாரி சொல்வார். இருக்கட்டும்.

இந்த வீட்டுக் குழந்தைக்கு வயது ஐந்து வாரம். பெற்றவர்கள் அவளை 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவார்கள். "ராப்பகலா வேலை வாங்குறா, சம்பளமும் இல்ல, லீவும் இல்ல. வேற என்னன்னு கூப்பிடுறது?" என்பாள் அம்மாக்காரி. அவளுக்கே இருபத்தொரு வயதுதான். பிரசவத்துக்கு முந்தைய வாரம் வரை ஒரு பெரிய லாண்டரியில் வேலை பார்த்தவள். மூட்டை மூட்டையாக வரும் துணியை எடை போட்டு வாங்கி, மெஷினில் தள்ளி, காயவைத்து, மடித்து அனுப்புவது. இப்போதும் அவள் வீட்டில் குழந்தைத் துணிகள் கடையில் வைத்த மாதிரி ஓரம் பிசகாமல் அடுக்கியிருக்கும்.

முதலாளி பிறந்தபோது இரண்டு கிலோ அறுநூறு. மூன்று வாரத்தில் இரண்டு கிலோ எண்ணூற்று எண்பது. மோசமில்லை, ஆனால் துள்ளிக் குதிக்கவும் முடியாது. போதாக்குறைக்கு அம்மாக்காரியின் நாத்தனார் தினமும் போன் போட்டு, "உன் பால் தண்ணி மாதிரி இருக்கும், பவுடர் பாலை ஆரம்பி" என்று ஓதிக்கொண்டிருந்தாள். பெண்ணுக்கு முகம் சுண்டிப்போயிருந்தது.

ஆனால் போன வாரம் தராசு மூன்று கிலோ நானூற்று இருபது காட்டியது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பிரமாதமா பாத்துக்கிறே" என்றேன். சும்மா சொல்லவில்லை, கையைத் தட்டிச் சொன்னேன். நான் லேசில் பாராட்டுகிறவள் இல்லை. அந்தப் பெண் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இந்த வாரம் போனபோது புருஷனும் வீட்டில் இருந்தார். அரை நாள் லீவு போட்டிருந்தாராம். முதலாளி நல்ல தூக்கத்தில் இருந்தாள். கன்னம் பளபளவென்று உப்பியிருந்தது. தராசில் மெல்லிய துணியை விரித்து, பொத்தானை அமுக்கிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, துணிமணி எல்லாம் கழற்றிய குழந்தையை அதன் மேல் கிடத்தினேன்.

மூன்று கிலோ இருநூற்று நாற்பது.

குழந்தையை எடுத்து, மறுபடி பூஜ்யம் வைத்து, மறுபடி கிடத்தினேன். அதே எண். ஒரே வாரத்தில் நூற்று எண்பது கிராம் இறங்கியிருந்தது. இந்த வயதில் எடை இறங்கினால் எங்கள் விதி ஒன்றுதான்: அன்றைக்கே ஆஸ்பத்திரி. அட்மிஷன், ஊசி, ரத்தப் பரிசோதனை, பாட்டில் பால். அதற்கப்புறம் இந்தப் பெண் தன் பாலை நம்பவே மாட்டாள். நாத்தனார் சொன்னது நிஜமாகிவிடும்.

என் கேள்விகளை ஆரம்பித்தேன்.

"எத்தனை தடவை குடிக்கிறா?"

"பத்து, பதினொண்ணு."

"ஒண்ணுக்கு?"

"ஒரு நாளைக்கு எட்டுத் துணியாவது நனையுது."

"வாந்தி, பேதி?"

"எதுவும் இல்ல."

என் கண் சொன்னது ஒன்று, தராசு சொன்னது வேறொன்று. இருபத்தாறு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது, தராசைத்தான் நம்ப வேண்டும் என்று. கண் ஒரு குழந்தை கொட்டாவி விட்டாலே மயங்கிவிடும். பையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் படிவத்தை எடுத்தேன். லிஃப்ட்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார். ஒரு கால் செருப்புதான் கிடைத்தது. அதை மட்டும் போட்டுக்கொண்டு நின்றார்.

"சிஸ்டர், எழுதாதீங்க" என்றாள் பெண்.

"எழுதாம எப்படிம்மா? விளையாட்டா இது?"

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

பேனாவை நிறுத்தினேன். பட்டினி போட்டாளா? கீழே போட்டாளா? ஒரு நொடியில் என்னென்னவோ நினைத்துவிட்டேன். அவள் அலமாரியைத் திறந்து, அடுக்கிலிருந்து நீல நிறத்தில் தடிமனான ஒரு குளியல் துண்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"போன வாரம் தராசுத் தட்டு ஜில்லுனு இருந்து இவ கத்தினா, ஞாபகம் இருக்கா? நீங்க பூஜ்யம் வச்சுட்டு, அப்புறம்தான் இந்தத் துண்டைப் போட்டு மேல படுக்க வச்சீங்க. துண்டோட சேத்துதான் அந்த எடை."

துணி முதலில், பூஜ்யம் அப்புறம், குழந்தை கடைசியில். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. ஒரே வாரத்தில் ஐந்நூற்று நாற்பது கிராம் ஏற அது என்ன யானைக் குட்டியா? சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? மகிழ்ச்சியில் மூளையைக் கழற்றி வைத்துவிட்டுக் கை தட்டியிருக்கிறேன்.

"தெரிஞ்சிருந்தும் ஏம்மா சொல்லல?" என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க பிரமாதமா பாத்துக்கிறேன்னு சொல்லிட்டீங்க. இவ பொறந்ததுலேர்ந்து ஒருத்தர்கூட அப்படிச் சொல்லல சிஸ்டர். ஒரு வாரம் மட்டும் அதை வச்சுக்கலாம்னு தோணிச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து வாரமாக இந்த வீட்டுக்கு வருகிறேன். எடை ஏறிய நாளில்தான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்கிறது.

"இந்தத் துண்டு எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டேன்.

அவள் முகத்தில் முதல் தடவையாக லாண்டரிக்காரி எட்டிப் பார்த்தாள். துண்டை உள்ளங்கையில் வைத்து ஒரு தூக்கு தூக்கினாள். "முந்நூத்தி அம்பது. பத்து கிராம் முன்ன பின்ன இருக்கும்."

தராசில் போட்டேன். முந்நூற்று ஐம்பது. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் லிஃப்ட்காரர், ஏதோ தானே தூக்கிச் சொன்னவர் மாதிரி.

நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். போன வாரத்தின் நிஜ எடை மூன்று கிலோ எழுபது. இன்றைக்கு மூன்று கிலோ இருநூற்று நாற்பது. இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. நூற்று எழுபது கிராம். ஒரு வாரத்துக்கு இதைவிட ஒழுங்கான ஏற்றம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அத்தனையும் அவள் பால்.

"தம்பி, செருப்பைக் கழட்டுங்க" என்றேன்.

அவருக்கு வாயெல்லாம் பல். உடனே போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். "அக்கா, நூத்தி எழுபது கிராம்" என்று அவர் தன் அக்காவிடம் சொல்வது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "இல்லக்கா, பவுடர் எல்லாம் வேண்டாம்" என்றதும் கேட்டது.

போன வார எண்ணைச் சிவப்பு மையில் அடித்து, 'துண்டுடன் எடுத்தது, நர்ஸின் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி கேள்வி கேட்பார். கேட்கட்டும், ஒரு மாறுதலுக்கு நான் பதில் சொல்கிறேன். படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தேன்.

கிளம்ப எழுந்தபோது அந்தப் பெண் வழியை மறித்தாள். முதலாளி விழித்துக்கொண்டு அவள் தோளில் எச்சில் ஒழுக விட்டுக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம்."

"இன்னும் என்ன?"

"போன வாரம் ஒண்ணு சொன்னீங்கல்ல. அது துண்டோட சொன்னது."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பையைக் கீழே வைத்தேன். அவள் தோளைப் பிடித்து நேராக நிற்க வைத்து, கண்ணைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"பிரமாதமா பாத்துக்கிறே."

இந்தத் தடவை அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.